ஓநாய், சிங்கம், வெள்ளைப் பாட்டில்

நாச்சியம்மாள் பெங்களூருக்குப் போகக் கூடாது. இது என் முடிவு. முடிவென்றால் சாதாரண முடிவில்லீங்க. மோட்டார் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக உட்கார்ந்து எடுத்த முடிவு. அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

நாச்சியம்மாள் என் வீட்டுக்காரி. நான் கந்தப்பன். ஆனைமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு, தோப்புக்குள்ளேயே வீடு. படிப்பு அஞ்சாவதோடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், தமிழாக இருந்தால். எங்களுக்கு ஒரே மகள் லோகப்பிரியா. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளை கிருபாசங்கருக்கும் அதே வேலை. பேரன் கவினுக்கு இப்போதுதான் குப்புற விழத் தெரிந்திருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்கு எடுத்த லீவு முடியப் போகிறதென்று மகள் தினமும் சாயங்காலம் அவள் அம்மாவைப் போனில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஒரு ஆறு மாசம் வந்து இரும்மா."

"எப்படிக் கண்ணு வாரது? உங்கப்பனுக்கு ஒரு வாய் சோறாக்கத் தெரியாது. உட்டுப்போட்டு வந்தா மனுசன் பச்சரிசியை மென்னு தின்னுபோட்டுப் படுத்துக்குவாரு."

இதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். ஊரில் மற்றவர்களுக்கு ஏதாவது தெரிவதால் மரியாதை. எனக்குத் தெரியாததால் மரியாதை. என் தெரியாத்தனம் இருக்கிறவரை அவள் எங்கேயும் போக முடியாது. அதை நான் நாற்பது வருஷமாக ஒரு சேதாரமும் இல்லாமல் காப்பாற்றி வைத்திருந்தேன்.

ஆனால் அந்தப் பயல் கவின் ஆள் தெரிந்து சிரிக்கக் கற்றுக்கொண்டான். போனில் பாட்டியின் மூஞ்சியைப் பார்த்ததும் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறான். அன்றைக்கு நாச்சி போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள் பாருங்க, அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறபோது தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று பார்ப்போமே, அந்தப் பார்வை.

"போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையைப் பொண்டாட்டியிடம் சொன்ன ஆம்பளை யாரையும் எனக்குத் தெரியாது. "எப்போ போறே, எப்போ வாரே" என்று கேட்போம். நடுவில் இருக்கிறதை அவளே புரிந்துகொள்ள வேண்டும். எங்கப்பன் காலத்திலிருந்து அப்படித்தான்.

இந்த வெசனத்தில் ஒரு நாள் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது விளம்பரம் ஒன்று வந்தது. ஒரு வாட்டசாட்டமான ஆள் கழுத்தில் எதையோ அடித்துக்கொள்கிறான். கீழே தமிழில் எழுதியிருந்தது. எந்த மிஷின் எழுதியதோ தெரியவில்லை: "ஆண்களுக்கான பெரமோன் நறுமணம். அவள் உங்களை விட்டு நகரமாட்டாள்."

நகரமாட்டாள். எனக்கு வேண்டியது வேறென்னங்க?

பெரமோன் என்றால் என்னவென்று ஆனைமலைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்னையில் சிவப்புக் கூன்வண்டு விழுந்தால் மரமே போச்சு. அதற்கு வேளாண்மை ஆபீசில் ஒரு சின்னப் பொட்டலம் தருவார்கள். ஓட்டை போட்ட பக்கெட்டுக்குள் அதைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். நம் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. வண்டுக்குத் தெரியும். மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வருகிற மாதிரி வண்டெல்லாம் வரிசையாக வந்து பக்கெட்டில் விழும். இத்தனை வருஷத்தில் நான் வண்டு அள்ளின கணக்கைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பக்கத்துத் தோப்பு அரங்கசாமி நாயுடுவிடம் யோசனை கேட்டேன். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர், நாலு வகுப்பும் கூட.

"ஏனுங்க கவுண்டரே, வண்டுக்கு வேலை செய்யறது மனுசனுக்கு வேலை செய்யுமுங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

"ஏன் செய்யாது? வண்டுக்கும் ரெண்டு கண்ணு, நமக்கும் ரெண்டு கண்ணு."

"வண்டுக்கு ஆறு காலுங்களே."

"அதனாலதான் அது வெரசலா வருது. நாச்சிக்கு முழங்கால் வலி. மெதுவா வருவா."

அவர் கையிலிருந்த தென்னை மட்டையால் வேலியைக் காட்டினார். "ஒண்ணு யோசிச்சுக்குங்க. பக்கெட்டை நடுத்தோப்புல கட்டுனா பக்கத்துத் தோப்பு வண்டெல்லாம் நம்ம பக்கம் வந்துரும். எங்கூட்டுக்காரி ராமாமணி வேலிக்கு அந்தப்பக்கம்தான் இருக்கறா. அதையும் பார்த்துக்குங்க."

இதைச் சொன்னவர் முகத்தில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

ஒரே ஒரு மருந்தை நம்பித் தோப்பு முழுக்க அடிக்கிறவன் விவசாயியே இல்லை. இரண்டு மூன்றை வாங்கி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மரத்தில் அடித்துப் பார்க்க வேண்டும். இங்கே மரம் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பதென்று மூன்று தினுசு வாங்கினேன். ஒன்று கறுப்புப் பாட்டில், மேலே ஓநாய் படம். மூன்று நாள் வாசம் நிற்கும் என்று போட்டிருந்தது. இன்னொன்றில் சிங்கம். அது எண்ணெய், மூலிகையில் செய்ததாம். மூன்றாவது வெள்ளைப் பாட்டில். அதில் மிருகமே இல்லை. கண்ணாடி போட்ட டாக்டர் ஒருத்தர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மிருகத்தையாவது நம்பலாம், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளை எப்படி நம்புவது என்று யோசித்தேன். இருந்தாலும் வாங்கினேன்.

வாங்கியவர்கள் எழுதியதையும் படித்தேன். ஓநாய்க்கு ஒருத்தர், "ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்" என்று எழுதியிருந்தார். எதற்கென்று எழுதவில்லை. சிங்கத்துக்கு ஈரோட்டுக்காரர் ஒருத்தர், "மூடி கசிகிறது, ஆனாலும் திருப்தி" என்றிருந்தார். வெள்ளைக்கு ஒரு ஆள் முழு நட்சத்திரமும் போட்டு, "இன்னும் பிரிக்கவில்லை" என்று எழுதியிருந்தார். அந்த ஆள்தான் இன்றைக்கு நிம்மதியாக இருப்பார்.

பார்சலை நாச்சிதான் வாங்கி வைத்தாள்.

"ஏனுங்க, தோப்புக்கு மருந்து வந்திருக்குதாட்ட இருக்குது."

"ஆமா. வண்டு மருந்து."

"மேல வெக்கட்டுங்களா, குழந்தை குட்டி எடுத்துப்போடாம?"

"இந்த ஊட்டுல எங்க இருக்குது குழந்தை குட்டி?"

"அதுதானுங்க நானும் சொல்றேன்" என்று பெருமூச்சு விட்டாள். பேச்சு மறுபடியும் பெங்களூருக்குப் போய்விட்டது.

முதலில் ஓநாய். குளித்து, தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு காதுக்குப் பின்னாலும் அடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றேன். பால் பொங்கி, அடி பிடித்துத் தீய்ந்துகொண்டிருந்தது. நாச்சி பக்கத்திலேயே நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கீங்க, கண்ணாலத்துக்கா?"

"இல்ல. சும்மா."

"சும்மாவா தலை சீவியிருக்கறீங்க?"

அவ்வளவுதான். மறுபடியும் கீரை. ஆனால் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ராமாமணியம்மா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு வந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, உங்க பக்கமா ஏதாச்சும் மண்டபத்துல தீப்புடிச்சுப்போச்சுங்களா? பந்தலும் பூவும் சேர்ந்து எரியறாப்ல ஒரு நாத்தம்."

ஓநாய் அத்தோடு தோற்றது. மூன்று நாள் நிற்கும் என்று போட்டிருந்தது மட்டும் சத்தியமான வார்த்தை. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அடுத்தது சிங்கம். ஈரோட்டுக்காரர் சொன்னது சரி, மூடி கசிந்து ஜோப்பு முழுக்க எண்ணெய். எறும்பு வந்தது. ஈ வந்தது. எங்கள் செவலைப் பசு என்னைப் பக்கத்தில் சேர்க்கவில்லை, காலைத் தூக்கி உதைத்தது. நாச்சி பக்கத்தில் வந்தாள்தான். கையில் வேப்பெண்ணெய்.

"உதைபட்ட எடத்தைக் காட்டுங்க."

தேய்த்துவிட்டாள். வாசத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சிங்கம் வேலை செய்தது என்று எழுதிக்கொள்ள எனக்கே மனசு வரவில்லை. அது மாட்டின் வேலை.

வெள்ளைப் பாட்டிலை எடுத்தபோது எனக்கு நம்பிக்கையே இல்லை. அதில் வாசம் கூட இருந்ததாகத் தெரியவில்லை. தலை சீவி, இரண்டு சொட்டுத் தடவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, சித்த இங்க வாங்க."

அடுப்படியிலிருந்து நாச்சி. நாற்பது வருஷத்தில் அவள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டதேயில்லை. போனேன்.

"இக்கட்டால, எம் பக்கத்துல வந்து நில்லுங்க. இன்னும் கிட்ட. இதை மோந்து பாருங்க, கடுகு சீரகமெல்லாம் பக்குவமா வாசம் வருதுங்களா?"

"வருது."

"கருகின வாசம்?"

"அது இல்ல."

"அப்ப அந்தப் புளித்தண்ணியை ஊத்துங்க. நீங்களே ஊத்துங்க, எனக்குக் கை வலிக்குது."

ஊற்றினேன். என் தோளும் அவள் தோளும் ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்குமுன் அப்படி நின்றது கல்யாணத்தன்றைக்குப் போட்டோ எடுத்தபோது. அப்போதும் நடுவில் ஒரு மாலை இருந்தது.

அதன் பிறகு தினமும். வெள்ளைப் பாட்டிலைத் தடவிக்கொண்டு போய் உட்கார வேண்டியது, "சித்த வாங்க" என்று குரல் வரும். வெங்காயம் அரிந்தோம். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு எத்தனை தண்ணி என்று விரலை விட்டு அளந்து காட்டினாள். மோர் புளித்துவிட்டதா என்று என்னைத்தான் மோந்து பார்க்கச் சொன்னாள். கொள்ளு வேகவைத்துக் கடைகிறபோது நான் மத்தை மண்வெட்டி மாதிரி பிடித்திருந்தேன். "அப்படி இல்லீங்க" என்று என் கைமேல் அவள் கையை வைத்துக் கடைந்து காட்டினாள். எனக்குக் கொள்ளு கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் ஓடிப்போய் இன்னும் நாலு சொட்டுத் தடவிக்கொண்டு வந்தேன்.

துணி துவைக்கிற மிஷின் கூட ரெண்டு பேரும் சேர்ந்தே போட்டோம். எந்தப் பொத்தானை அமுக்குவதென்று அவள் சொல்ல, நான் அமுக்க. அது சுற்றுகிறவரை அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பழமை பேசினோம். பொட்டிக்குள் என் வேட்டியும் அவள் சேலையும் ஒன்றாகச் சுற்றியது. அந்த வாரமெல்லாம் நான் ராசா மாதிரி இருந்தேன். பொய் சொல்லக் கூடாது, இன்றைக்கும் அதை நினைத்தால் அந்த மிஷினைப் போடவே கை வருவதில்லை.

மருந்துதானா, இல்லை தற்செயலா என்று சந்தேகம் தீர ஒரு நாள் தடவாமல், தலைகூடச் சீவாமல் போய் உட்கார்ந்தேன். அவள் கூப்பிடவே இல்லை. பழைய சோற்றில் மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, முழங்கால் வலி என்று படுத்துக்கொண்டாள். சந்தேகம் தீர்ந்தது. அரங்கசாமியிடம் போய் முடிவைச் சொன்னேன்.

"வெள்ளைதானுங்க நாயுடு. மத்ததெல்லாம் வேஸ்ட்டு."

"நிசமாலுமா? கிட்ட வாராங்களா?"

"கைமேல கை வெக்கறா."

"வெச்சு?"

"கொள்ளுக் கடையறோம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "கவுண்டரே, நீங்க இப்பச் சமையல் செய்யறீங்களா?" என்றார்.

"அவ கூடமாட ஒத்தாசைக்கு."

"ம்" என்றார். அந்த "ம்" எனக்கு அப்போது புரியவில்லை. நாலு வகுப்பு கூடப் படித்தவர். விளக்கமாகச் சொல்லியிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. "இன்னைக்கு நான் உட்கார்ந்துக்கறேனுங்க. முழுசா நீங்களே செய்யுங்க. உங்க கையால ஒரு நாள் சாப்பிட்டுப் பாக்கோணும்னு ஆசை" என்றாள். ஆசை என்ற வார்த்தையை அவள் வாயால் கேட்டதும் பாதிப் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டேன். அரிசிம்பருப்புச் சோறு, ரசம், ஒரு பொரியல், அப்பளம். அப்பளம் ஒன்றுதான் கருகியது. அவள் வட்டலில் போட்டு, நிதானமாகச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து என்னையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. இப்போது சொல்லப் போகிறாள், உங்களை விட்டு நான் எங்கீங்க போவேன் என்று.

போனை எடுத்தாள்.

"கண்ணு, டிக்கெட்டைப் போட்டுரு. உங்கப்பனுக்கு எல்லாம் வந்துருச்சு. இனி தனியா இருந்துக்குவாரு. எனக்கு வெசனமில்ல."

எனக்குக் கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவளைப் போகவிடாமல் நிறுத்தி வைத்திருந்தது ஒன்றே ஒன்று, என் தெரியாத்தனம். அதை அவள் என் கையாலேயே கடைந்து கரைத்துவிட்டாள். நானும் வாசம் பூசிக்கொண்டு போய் நின்று, கடைந்து கொடுத்தேன்.

கோயம்புத்தூர் ஸ்டேஷனுக்கு அரங்கசாமி காரில் கொண்டுபோய் விட்டார். நாச்சி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பக் கொஞ்சம் நேரமிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வேற ஏதாச்சும் சொல்லோணுங்களா?"

சொல்ல வேண்டும். அரங்கசாமி அந்தப்பக்கம் திரும்பி, இல்லாத போர்டு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். பாவம், எனக்காகத்தான்.

"மோட்டார் ரூம் சாவி எங்க வெச்சே?" என்றேன்.

"உங்க மடியிலதானுங்க இருக்குது."

வண்டி போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து, ரசம் வைத்துக்கொண்டே நான்தான் போன் போட்டேன். அலமாரியில் வெள்ளைப் பாட்டிலைக் காணவில்லை. மற்ற இரண்டும் இருந்தன. சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஏ நாச்சி, அந்த வண்டு மருந்து ஒண்ணு வெள்ளையா இருந்துச்சே."

"அது இங்க இருக்குதுங்க."

"அங்க எதுக்கு? அங்க தென்னை மரம் ஏது?"

"ஏனுங்க, உங்க போன்ல சாமான் வாங்கறதுக்கு லோகு அவ பேரைத்தானுங்க போட்டுக் குடுத்திருக்கறா. நீங்க என்ன வாங்குனாலும் அவ போனுக்கு வந்துருமாமா. அன்னைக்கே படிச்சுச் சொல்லிப்போட்டா. படம் கூட அனுப்புனா. ஓநா, சிங்கம், அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு ஒரு டாக்டரு."

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு மேலெல்லாம் எரிந்தது. மகளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

"அப்ப நீ அந்த வாசத்துக்கு வரலையா?"

"எந்த வாசமுங்க? கொரோனாக் காய்ச்சல் வந்துட்டுப் போனதுல இருந்து எனக்கு ஒரு வாசமும் தெரியறதில்லீங்களே. பால் கருகுனாலும் தெரியாது, மல்லிப்பூ வெச்சாலும் தெரியாது. அதுதானுங்க உங்களைக் கிட்ட நிறுத்தி மோந்து பாக்கச் சொன்னது."

"தடவாம வந்தன்னைக்கு நீ கூப்பிடலையே."

"நீங்க தடவுன அன்னைக்கெல்லாம் தலை சீவியிருந்தீங்க. அதைப் பார்த்துத்தானுங்க கூப்பிட்டேன். சீவாம வந்தன்னைக்கு எனக்கும் லீவுன்னு படுத்துக்கிட்டேன்."

ரசம் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை. மூன்று பாட்டிலை வாங்கி, ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்து, நல்லது கெட்டது அலசினேன். பக்கத்தில் இருந்தவளுடைய மூக்கு இத்தனை நாள் வேலை செய்யவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. பூக்காரியிடம் இனிப் பூ வேண்டாம் என்று அவள் சொன்னபோது, சரி, வயசாச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏன் நாச்சி எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லி என்னுங்க ஆகுது? அதுதான் உங்க மூக்கை வாங்கிக்கிட்டேனுங்களே. இந்தக் கொஞ்ச நாளு எனக்கு நல்லா இருந்துச்சுங்க."

எனக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தடவை பக்கத்தில் அரங்கசாமி கூட இல்லை.

"நாச்சி."

"சொல்லுங்க."

"எப்போ வாரே?"

அந்தப்பக்கம் சிரிக்கிற மாதிரியும் இருந்தது, மூக்கை உறிஞ்சுகிற மாதிரியும் இருந்தது. பின்னால் கவின் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"உடனே எப்படீங்க வாரது? மாப்பிள்ளைக்கு டீ கூடப் போடத் தெரியலீங்க. அதுக்கோசரந்தான் அந்தப் பாட்டிலைக் கொண்டாந்து அவரு மூஞ்சி பாக்கற கண்ணாடிகிட்ட வெச்சேன். அது எதுக்குன்னு யாரும் ஒண்ணும் சொல்லல. இன்னைக்குக் காத்தால தலையை வழிச்சுச் சீவிக்கிட்டு, அவராவே அடுப்படிக்கு வந்து நிக்கறாரு."